ஒரு சாவி, பல பூட்டுகள்

ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்கள் குருதி வழியே உடலெங்கும் செல்கின்றன. இயக்குநீரைச் சாவி எனக் கொண்டால், உயிரணுக்களில் அதனை ஏற்கும் ஏற்பிகளைப் பூட்டுகள் எனலாம். ஒரே சாவிக்குரிய பூட்டுகள் பல உறுப்புகளில் அமைந்துள்ளன. இயக்குநீர் மருத்துவத்தின் ஆற்றலுக்கும் அதன் எதிர்பாரா விளைவுகளுக்கும் இவ்வமைப்பே காரணமாகும்.

சில புற்றுநோய்கள் இயக்குநீரின் துணையால் வளர்பவை. ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் ஒடுங்கும் என்பதை 1941ஆம் ஆண்டு சார்லஸ் ஹக்கின்ஸ் வெளிப்படுத்தினார். 1966இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசில் அவரும் பங்கு பெற்றார். இன்று அச்சுரப்பை ஊசிமருந்தாலேயே குறைக்க இயலும்.

எனினும், தசைக்கும் எலும்புக்கும் உறுதி தருவதும் அதே டெஸ்டோஸ்டிரோன்தான். அது குறையும்போது தசை மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது, கொழுப்பு மிகுகிறது, இன்சுலினின் செயல்திறன் குன்றுகிறது. இதனால், நீரிழிவு நோயாளிக்குக் குருதியில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகலாம். இதயநோய் உள்ளவருக்கு இடர் கூடலாம். இவ்விரண்டையும் குறித்த எச்சரிக்கையை இவ்வூசிமருந்துகளின் விவரக்குறிப்பில் சேர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் பணித்தது.

பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் டமாக்சிஃபென் இன்னும் வியப்பூட்டுவது. மார்பகத்தில் அது பூட்டினுள் நுழைந்தும் திறவாமல் நின்று, ஈஸ்ட்ரோஜனுக்கு இடங்கொடாமல் தடுக்கிறது. எலும்பிலும் கருப்பையிலுமோ ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வை அது குறைப்பது நன்மை. கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைச் சற்றே கூட்டுவது தீமை. குருதி உறையும் போக்கையும் அது மிகுவிக்கிறது. அதற்காக, உறைவைத் தடுக்கும் வார்ஃபரினை உடன் உட்கொண்டால், வார்ஃபரினின் செயல் அளவுமீறிக் குருதிக்கசிவு நேரலாம். மனச்சோர்வுக்குரிய பராக்செட்டின், டமாக்சிஃபெனைக் கல்லீரல் செயல்வடிவமாக மாற்றுவதற்குத் தடையாகிறது. ஒரு நோய்க்கான மருந்து மற்றொன்றின் மருந்தோடு மோதுவது இவ்வாறுதான்.

ஆயினும், இம்மருத்துவம் அஞ்சி விலக்கத்தக்கது அன்று. எண்ணற்றோரின் வாழ்நாளை நீட்டித்து வருவது. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே மருத்துவம் செய்ய வேண்டும் என்பார் வள்ளுவர். உடனிருக்கும் நோய்களை அறிந்த மருத்துவர் மருந்தை மாற்றித் தரலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பின் அடர்த்தி ஆகியவற்றை உரிய காலத்தில் அளந்து முன்கூட்டியே காக்கலாம்.

மாணவர்களே! வெவ்வேறு மருத்துவர்களிடம் பெற்ற மாத்திரைகளை நம் வீட்டு முதியோர் பலர் தனித்தனியே உண்டு வருகின்றனர். அவற்றின் பெயர்களையும் அளவுகளையும் ஒரே தாளில் எழுதி, சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். விளைவு கண்டு அஞ்சி, எம்மருந்தையும் தாமாக நிறுத்திவிடாதிருக்கவும் எடுத்துரையுங்கள். எழுத்தறிந்த நீங்கள் எழுதித் தரும் அவ்வொரு தாள், ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.