வியாபார ஒப்பந்தமும் தொழிலாளி ஓட்டும்

நாடுகள் போடும் வியாபார ஒப்பந்தம் முதலாளிமார் சங்கதி, நமக்கென்ன என்றுதான் தோணும். மெக்சிகோவில் நடந்ததைக் கேளுங்கள்.

1994-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஒப்பந்தத்தில் தொழிலாளர் விஷயம் தனிக் காகிதமாக, பல்லில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. 2020 ஜூலையில் வந்த புது ஒப்பந்தம் அப்படியில்லை. மெக்சிகோவில் ஒரு தொழிற்சாலை சங்க உரிமையை மறுத்தால், அந்தத் தொழிற்சாலைச் சரக்குக்கு அமெரிக்காவில் வரிச்சலுகை போய்விடலாம்.

சிலாவோ என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டித் தொழிற்சாலை இருக்கிறது. 2021-ல் அங்கே சுமார் 6,000 தொழிலாளர்கள் இருந்தார்கள். சம்பள ஒப்பந்தம் வேணுமா வேண்டாமா என்று 2021 ஏப்ரலில் ஓட்டு நடந்தது. ஓட்டை நடத்தியதே பழைய சங்கம்தான். எண்ணி முடிக்குமுன் சில ஓட்டுச்சீட்டுகள் அழிக்கப்பட்டன. (நம்ம குழுவில் தீர்மான நோட்டைக் கிழிக்க விடுவோமா?) அரசு ஓட்டை நிறுத்தியது. மே மாதம் அமெரிக்கா ஒப்பந்தத்தைக் காட்டிக் கேள்வி கேட்டது. ஆகஸ்டில் மறு ஓட்டு நடந்து, பழைய சம்பள ஒப்பந்தம் தோற்றது.

2022 பிப்ரவரியில் புதுச் சங்கம் ஜெயித்தது. அப்போது அதன் தலைவியாக இருந்தவர் அலெஹாந்திரா மொராலெஸ். அவர்கள் பேசி வாங்கிய சம்பள உயர்வு 8.5 சதவீதம். மறு ஓட்டுக்கு ஒப்பந்தம் வழிவிட்டது, சரிதான். ஆனால் அதற்கு முன்பிருந்தே உள்ளே சிலர் வேலை போனாலும் போகட்டும் என்று கூடிப் பேசி வந்தார்கள். இப்படி ஒரு வழி எல்லா வியாபார ஒப்பந்தத்திலும் கிடையாது.