கையில் உதைக்கிற பொம்மை

போன எபிசோட்டில கேஸ் பிஸ்டல் பற்றிக் கேட்ட ஆக்களுக்காக இது.

என்னிடம் இருப்பது டோக்கியோ மருயியின் கிளாக் 17. ஸ்லைடு பிளாஸ்டிக்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை சுடும்போதும் அது பின்னால போய்வர, மணிக்கட்டில ஒரு சின்ன உதை. பேட்டரி பிஸ்டலில் அந்தச் சுகம் இல்லை.

மகசினுக்குள் திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகி, 6 மில்லிமீட்டர் குண்டையும் ஸ்லைடையும் தள்ளுது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை மகசினிலிருந்தே எடுக்கும். கடகடவென்று சுட்டால் மகசின் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, ஸ்லைடு சோர்ந்துபோகும். லண்டன் ஜனவரியில் இன்னும் மோசம். மற்ற மகசினை ஜாக்கெட்டுக்குள்ள வையுங்கோ, ஆறுதலாகச் சுடுங்கோ.

ஒருநாள் அதை மேசையில விட்டிட்டுக் குளிக்கப் போனன். வந்து பார்த்தா, சண்டைக்குள்ளால யாழ்ப்பாணத்தை விட்டு வந்த அப்பா ஜன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு நிற்கிறார்.

"பொம்மை அப்பா."

"அது உனக்குத் தெரியும். றோட்டில பார்க்கிறவனுக்குத் தெரியுமோ?"

சட்டமும் அவர் பக்கம்தான். தகுந்த காரணமில்லாமல் போலித் துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு திரிவது இங்கே குற்றம். இப்ப அது பூட்டின பெட்டிக்குள்ள. விளையாட்டுத் திடலில் மட்டும்தான் வெளியில வரும்.