புள்ளி இல்லாத ஐம்பது

கோவை சரவணம்பட்டிப் பக்கமிருந்து பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓர் எண்ணைக் கோப்பில் எழுத ஒரு வரி போதாதா? புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்றெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?"

பதில் அவருக்குப் பக்கத்திலேயே, கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளில் இருக்கிறது. பம்ப் ஷாஃப்ட் கடையும் சிஎன்சி லேத்துக்குக் கொடுக்கிற ப்ரோக்ராம் வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரே ஷாஃப்ட் பல அளவுகளில் வந்தால், சி மொழியிலோ பைத்தானிலோ சின்ன நிரல் எழுதி எல்லாக் கோப்புகளையும் உண்டாக்கிவிடலாம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. லேத்தை இயக்கும் பல ஃபனூக் கன்ட்ரோல்களில் 'எக்ஸ்50.' என்று புள்ளியோடு எழுதினால் விட்டம் 50 மில்லிமீட்டர். புள்ளியை விட்டு 'எக்ஸ்50' என்றால் 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். மேலோடு நிற்க வேண்டிய டூல், சுழலும் இரும்புக்குள் நடுமையம் வரை பாயப் பார்க்கும்.

இது நாடாக் காலத்து மிச்சம். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி, எண்வழி இயங்கும் மில்லிங் மெஷினைக் காட்டியபோது கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் போயின. அப்புறம் வந்த நாடாக்களில் முழு எண்களைத்தான் குத்தினார்கள். கடைசி இலக்கம் எந்த அளவைக் குறிக்கும் என்பது மெஷினுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. புள்ளி இல்லாவிட்டாலும் மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்ளும்படி கன்ட்ரோலை மாற்றி வைக்கவும் முடியும் என்பதால், ஒரே கோப்பு பக்கத்து மெஷினில் வேறு மாதிரி ஓடலாம்.

நிரல்மொழியோ இதில் நமக்கு ஒத்தாசை செய்வதில்லை. சி மொழியில் '%ஜி' என்ற குறியைக் கொடுத்தால் 50.0 வெறும் 50 ஆகிவிடும். பைத்தானில் எதுவும் சொல்லாமல் விட்டால் 0.00001 என்பது '1இ-05' என்று வந்து நிற்கும்; அது லேத்துக்குப் புரியாத பாஷை. '%.3எஃப்' என்று கொடுங்கள், 50.000 என்று மைக்ரான் வரை சுத்தமாக வரும். அதற்காக எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடக் கூடாது. சுழல்வேகம் சொல்லும் 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் புள்ளி வந்தால் மெஷின் அலாரம் காட்டி நின்றுவிடும். அங்கே முழு எண்தான் வேண்டும்.

பருத்தி மண்டியில் கணக்கெழுதிய என் அப்பா, பைசா இல்லாத தொகைக்கும் '.00' போடாமல் பேரேட்டை மூட மாட்டார். அந்தக் கண்டிப்பை நம் கல்லூரிகள் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். திரையில் விடை வந்தால் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். மாணவர் எழுதிய கோப்பைத் திறந்து பார்ப்பவர் இல்லை. பம்பும் மோட்டாரும் செய்தே பேரெடுத்த ஊரில் இது நியாயமில்லை.

தம்பி, கோப்பை பென்டிரைவில் ஏற்றும் முன் நோட்பேடில் திறந்து, விட்டம் சொல்லும் எக்ஸ், நீளம் சொல்லும் இசட் வரும் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஜாபை மெதுவாக, ஒவ்வொரு வரியாக ஓட்டுங்கள்.