கரண்ட் போனால் மேலே வரும்

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்: “ஒரே ஆள் உட்கார்ந்து போகும் நீர்மூழ்கியை வீட்டுப் பட்டறையிலேயே செய்கிறார்களாமே, நிஜமா?”

நிஜம்தான். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கித் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜார்ஜ் கிட்ரெட்ஜ், மெய்ன் மாநிலத்தில் இதையே தொழிலாக நடத்தினார். அவருடைய கே-250 ஒற்றை ஆளுக்கானது. 250 அடி வரை இறங்கும். இருவர் போகும் கே-350இன் வரைபடங்களையும் விற்றார். அவற்றை வாங்கித் தாங்களே தகடு வளைத்து, பற்றவைத்து, ஏரியில் இறக்கிப் பார்த்த ஆர்வலர்கள் உண்டு.

நீர்மூழ்கி எப்படி மூழ்குகிறது என்பது பள்ளிப் பாடம். எனக்கு ஆசை, அது மேலே வரும் வித்தையில்தான்.

1960 ஜனவரி 23 அன்று ழாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியஸ்ட் என்ற கலத்தில் மரியானா அகழியின் தரையைத் தொட்டார்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழம். பெட்ரோல் நிரப்பிய பெரிய மிதவை. அதன் அடியில் இருவர் ஒடுங்கி உட்காரும் உருக்கு உருண்டை. கீழே இழுக்க, டன் கணக்கில் இரும்பு ரவைகள். ரவைத் தொட்டியின் வாயில் கதவோ தாழ்ப்பாளோ இல்லை; ஒரு மின்காந்தம் ரவைகளை இறுகப் பிடித்து நிறுத்தியிருக்கும். மின்சாரம் நின்றால் பிடி விடும், ரவை கொட்டும், கலம் தானே மேலேறும். மும்முனை கரண்டுக்காக ராத்திரியெல்லாம் பம்புசெட் கொட்டகையில் விழித்துக் கிடந்த டெல்டாக்காரனுக்கு, கரண்ட் போவதே உயிரைக் காப்பாற்றும் என்பது எப்பேர்ப்பட்ட ஆச்சரியம்!

ஆனால் கூடு நொறுங்கிவிட்டால் எந்த வித்தையும் பலிக்காது. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 600 கிலோ. அதை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்து தாங்குவது உருண்டை வடிவம். 2023 ஜூனில் ஐந்து பேரோடு நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் கூடு, கார்பன் இழையால் ஆன உருளை. எந்தத் தரச்சான்று அமைப்பும் அதற்குச் சான்று தந்திருக்கவில்லை. சான்றிதழ் கேட்பது புதுமைக்குத் தடை என்று அதன் நிறுவனம் வாதாடியது. கெட்டிக்காரத்தனம் அல்ல, திமிர்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கி பொறுமையாக வளர்கிறது. மூன்று பேருக்கான 2.1 மீட்டர் விட்டமுள்ள உருண்டை; ஆழ்கடலுக்கென டைட்டானியத்தில் 80 மில்லிமீட்டர் கனம். வழக்கமான பயணம் 12 மணி நேரம். ஆபத்து வந்தால் 96 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆளோடு இறக்கிச் சோதித்தார்கள்.

அதற்குக் கோடி கோடியாகச் செலவழிக்கட்டும், தப்பில்லை. பூம்புகாருக்கு எதிரே கடலடியில் ஆய்வாளர்கள் கண்ட லாட வடிவக் கட்டுமானம் இருப்பதோ சுமார் 23 மீட்டர் ஆழத்தில்தான். கிட்ரெட்ஜின் கே-250 போன்ற ஒன்று போதும். நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றாவது இதற்குத் துணியக் கூடாதா?

தம்பி, நீங்கள் செய்தால் முதலில் ஆளில்லாமல், கயிறு கட்டி, மணல் மூட்டையை உட்காரவைத்து இறக்குங்கள். தரச்சான்று வாங்கிய பிறகு நீங்கள் ஏறலாம். கல்லணைக் கால்வாயில் மட்டும் வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது.