பன்றிகளின் பரம்பரைப் பதற்ற நோய்

நன்றாகத் தின்று கொழுத்துத் தொடை திரண்டு நின்ற பன்றியொன்று, லொறியில் ஏற்றப்பட்ட சிறிது நேரத்துள் இறந்துவிடுதல் உண்டு. முதல்நாள் வரை அதற்கு ஒரு குறையும் இருந்திராது. பாம்பு தீண்டிற்றென்றோ, அயலார் நஞ்சிட்டனரென்றோ உரிமையாளர் ஐயுறுதல் இயல்பே. ஆயினும், இவ்வாறான மரணத்துக்குப் பன்றியின் பரம்பரையிலேயே காரணம் அமைந்திருத்தல் கூடும். பல மாதம் தீனியிட்டு வளர்த்த பன்றி விற்பனை நாளன்று அழிவதனால், வளர்ப்போன் இந்நோயைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்.

துரத்துதல், ஏற்றி இறக்குதல், அந்நியப் பன்றிகளுடன் சண்டையிடுதல், புணர்ச்சி, ஈனுதல், கடும் வெயில் ஆகியவற்றுள் ஏதேனுமொன்று நோயைத் தூண்டிவிடும். முதலில் வாலும் தசைகளும் நடுங்கும். பின்னர் பன்றி வாயைத் திறந்து மூச்சிரைக்கும். வெண்ணிறப் பன்றியாயின் தோலிற் செந்நிறத் திட்டுக்களும் வெளிறிய திட்டுக்களும் மாறிமாறித் தோன்றும். கால்கள் விறைத்து, நடக்க மறுத்து விழும். வழமையாக 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் உடல்வெப்பம் 42 பாகைக்கு மேலும் ஏறும். இறந்தபின் சில நிமிடங்களுள்ளேயே உடல் மரம்போல் விறைத்துவிடுதல் இந்நோயின் சிறப்பான அடையாளமாகும்.

தசை சுருங்குவதற்குக் கல்சியம் தேவை. தசைக் கலத்தினுள் கல்சியம் ஒரு களஞ்சியத்தில் அடைக்கப்பட்டிருக்கும். நரம்பின் கட்டளை வந்ததும் அதன் கதவு சிறிது திறந்து மீண்டும் மூடிக்கொள்ளும். நோயுள்ள பன்றியில் இக்கதவு எளிதில் திறக்கும். திறந்தபின் விரைவில் மூடாது. எனவே தசை ஓய்வின்றிச் சுருங்கி, சேமித்த மாச்சத்தை எரித்து, வெப்பத்தையும் இலத்திக்கமிலத்தையும் பெருக்குகின்றது. பன்றிக்கு வியர்த்து உடலைத் தணிக்கும் ஆற்றல் மிகக் குறைவாதலின் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1968 இல் இந்நோய்க்குத் தனிப்பெயரிட்டனர். பெல்சியத்தின் பியற்றேன் என்னும் கிராமத்தின் பெயரைக் கொண்ட பியற்றேன் இனத்திலும், பெல்சிய லாண்ட்றேஸ் இனத்திலும் இது மிகுதியாகக் காணப்பட்டது. பெரிய வெள்ளை இனத்தில் அரிது. 1974 இல் ஒல்லாந்தர் ஒரு சோதனையை வகுத்தனர்: குட்டியைச் சில நிமிடம் அலோதேன் என்னும் மயக்க மருந்தைச் சுவாசிக்கச் செய்தால், நோயுள்ளதன் கால்கள் விறைக்கும். குறைபாடுடைய பரம்பரையலகு 1991 இல் கனடாவிற் கண்டறியப்பட்டது. அதன்பின் சிறிதளவு இரத்தமோ வேருடன் பிடுங்கிய சில மயிர்களோ கொண்டு ஆய்கூடத்தில் உண்மையை அறிய முடிகின்றது.

இந்நோய் பரவிய விதம் கவனிக்கத்தக்கது. இதே பரம்பரையலகு கொழுப்பைக் குறைத்துத் தசையைப் பெருக்குகின்றது. அதனால் திரண்ட தொடையைக் கண்டு சிறந்த கடாவெனத் தெரிந்தோர், நோயையும் சேர்த்தே தெரிந்துவிட்டனர். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் குறைபாட்டைப் பெற்ற குட்டியே நோயுறும். ஒன்றிடமிருந்து மட்டும் பெற்றது காவி. அது பெரும்பாலும் நலமாகவே தோன்றும், அலோதேன் சோதனையிலும் அகப்படாது. காவிகள் இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று நோயுள்ளதாகவும், இரண்டு காவிகளாகவும், ஒன்று குறையற்றதாகவும் பிறக்கும். ஆகவே, ஓர் ஈற்றில் ஒரு குட்டி இவ்வாறு இறந்து, அது இந்நோயே என மிருக வைத்தியர் உறுதிசெய்தால், தாய் தந்தை இரண்டுமே குறைபாட்டைக் கொண்டவை என்று கொள்க. அக்கடாவை, அது எவ்வளவு அழகியதாயினும், வைத்திருத்தல் தகாது. அதன் குட்டிகளை இறைச்சிக்கு விற்கலாம். இனவிருத்திக்கு அயலாருக்குக் கொடுத்தல் முறையன்று. பெல்சியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தார் பெரிய வெள்ளை இனத்தின் நல்ல பரம்பரையலகைப் புகுத்தி, நோயற்ற பியற்றேன் வழியொன்றையும் உருவாக்கியுள்ளனர்.

லொறியில் இறக்கும் பன்றிகள் யாவும் இந்நோயால் இறப்பன அல்ல. எமது வெயிலில், நெருக்கி அடைக்கப்பட்ட எந்தப் பன்றியும் மடியக்கூடும். எவ்வாறாயினும் பாதுகாப்பு ஒன்றே: அதிகாலையில் அல்லது இரவில் ஏற்றுக, முதல்நாள் மாலையுடன் தீனியை நிறுத்தி, நீர் மட்டும் கொடுக்குக, ஒரே கொட்டிலில் வளர்ந்தவற்றை ஒன்றாக வைக்குக. தடியால் அடித்தல் வேண்டாம். பலகையொன்றைப் பின்னே பிடித்து மெதுவாக நடத்துதல் போதும். நடுக்கமும் மூச்சிரைப்பும் கண்டவுடன் அப்பன்றியை எழுப்ப முயலாது, நிழலில் விட்டு, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, மிருக வைத்தியரை அழைக்க.

உயிருடன் இறைச்சிக்கூடத்தை அடைந்தாலும் நட்டம் நீங்காது. வெட்டி முக்கால் மணி நேரத்துள், உடற்சூடு தணியுமுன்னரே, தசையின் பீ.எச். பெறுமானம் 6 இற்குக் கீழே விழும். அவ்விறைச்சி வெளிறி, மென்மையாகி, நீரைக் கசியவிடும். எடையும் குறையும், பதனிடுவோரும் அதனை விரும்பார்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 இல் இலங்கையிற் காணப்பட்டது. அதுவும் பன்றிகளைத் திடீரெனக் கொல்லவல்லது. பதற்ற நோயில், அலைக்கழிக்கப்பட்ட ஒரு பன்றி அப்போதே விழும். ஏனையவை வழமைபோல் தின்றுகொண்டிருக்கும். காய்ச்சலிலோ, உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்கும் பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆபத்தானது. திடீரென இறந்த எப்பன்றியையும் வெட்டாமலும் விற்காமலும், பிரதேச மிருக வைத்திய அதிகாரிக்கு அன்றே அறிவித்து, அவர் வரும்வரை அக்கொட்டிலிலிருந்து எதனையும் வெளியே கொண்டு செல்லாதிருக்க.