காம்பு குடித்தால்தான் ரோஜா நிற்கும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துச் சேலம் 300 மீட்டரைக்கூட எட்டாது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்குவதற்குள் வெயில் 7, 8 டிகிரி கூடிவிடுகிறது. சேர்வராயன் மலையின் குளிரில் விடியற்காலை பறித்த ரோஜா, சேலத்து வீட்டு மேசையில் சாயங்காலமே தலை தொங்கிப் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஏற்காட்டில் ரோஜா பார்க்க ஆண்டு முழுக்கக் கூட்டம் வரும். லேடீஸ் சீட் அருகே அரசு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியால் நிறைந்துவிடும். ஊர் திரும்புகிறவர்கள் நர்சரியில் ஒரு ரோஜாத் தொட்டியாவது வாங்காமல் போவதில்லை. செடி வளர்க்கும் முறையைக் கேட்டுக்கொள்கிறார்கள். பறித்த பூவை எப்படி வைத்திருப்பது என்று யாரும் கேட்பதில்லை.

வெட்டிய பூவுக்கு வேர் இல்லை. ஆனால் இலையும் இதழும் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழப்பைக் காம்பின் நுண்குழாய்கள்தான் ஈடுகட்ட வேண்டும். வெட்டிய நொடியில் காற்று உள்ளே புகுந்து குழாயை அடைக்கிறது. பிறகு ஜாடித் தண்ணீரில் பெருகும் பாக்டீரியா மிச்சத்தையும் அடைக்கிறது. பூவின் கழுத்து வளைவதை வயதான அடையாளம் என்று நினைத்துத் தூக்கி எறிகிறோம். பெரும்பாலும் அது தாகம்தான்.

ஆகவே தோட்டத்துக்குப் போகும்போதே கையில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். வெயில் ஏறும் முன், வெளி இதழ் ஒன்றிரண்டு விரியத் தொடங்கிய மொட்டாகப் பார்த்து, ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து புதுத் துளிர் வரும். இறுகிப் பச்சையாக இருக்கும் மொட்டு பல நேரம் விரியாமலே வாடும்.

கடையில் வாங்கும் டச்சு ரோஜாவுக்கு இன்னும் கவனம் தேவை. ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வெட்டி, 20 பூக்கள் கொண்ட கட்டாகக் கட்டி, வெளிநாட்டுக்கும் நம் ஊர்க் கடைகளுக்கும் அனுப்பும் பூ அது. வெகுதூரம் வந்த காம்பின் நுனி காய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே ஓர் அங்குலம் சாய்வாக வெட்டிவிடுங்கள். கூரான கத்தி நல்லது. மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அழுகி பாக்டீரியாவுக்குத் தீனியாகும். முள்ளைச் சுரண்டி எடுப்பது வேண்டாத வேலை. தோல் கிழிந்த இடமெல்லாம் கிருமிக்கு வாசல்.

ஜாடித் தண்ணீருக்கு நம் சமையலறையே போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, துணிக்குப் போடும் பிளீச் திரவம் கால் டீஸ்பூன். சர்க்கரை பூவுக்கு உணவு, எலுமிச்சைப் புளிப்பு தண்ணீர் காம்பில் ஏற உதவும், பிளீச் கிருமியைக் கட்டுப்படுத்தும். சர்க்கரையை மட்டும் போட்டால் பாக்டீரியாதான் கொழுக்கும். சாற்றையும் பிளீச்சையும் தண்ணீர் இல்லாமல் நேரடியாகக் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜாடியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றி, காம்பையும் மறுபடி கொஞ்சம் வெட்டுங்கள். செப்புக்காசு போடும் பழக்கத்தால் சொல்லும்படி பலன் இல்லை.

மின்விசிறிக் காற்றும் ஜன்னல் வெயிலும் ஆகாது. பழத்தட்டுக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். பழுக்கும் வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு இதழை உதிர்க்கும். தலை தொங்கிய பூவைக் கைவிட்டுவிடாதீர்கள்: காம்பைப் புதிதாக வெட்டி, பூவோடு முழுக்க ஓர் அகலத் தொட்டித் தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதக்க விட்டால் பல பூக்கள் நிமிர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிளீச் கலந்த தண்ணீரில் நின்ற பூவையும், பூச்சிமருந்து அடித்து வளர்த்த கடை ரோஜாவையும் குல்கந்துக்கோ சர்பத்துக்கோ எடுக்கக் கூடாது. அதற்கு மருந்து படாத பன்னீர் ரோஜாதான் சரி.