முந்தியவன் செய்த தப்பும், ஊரார் போட்ட கூச்சலும்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



பெரம்பலூர்க்காரனுக்குக் கார் பந்தயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. அரியலூர் சாலையில் இரவு பகலாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. என் அப்பா அப்படி ஒரு டிப்பர் லாரியின் டிரைவர். டயர் தேய்வது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் சொல்லப் போகும் கதையும் டயரில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அது டயரோடு முடியவில்லை.

செப்பாங்கில் நடந்தது என்ன?

2013-ம் ஆண்டு மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. லட்சக்கணக்கில் தமிழர்கள் வாழும் மலேசியாவில், செப்பாங் என்ற ஊரில் பார்முலா ஒன் பந்தயம். அப்போது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். பிற்பாடு செல்போனில் பார்த்தும் படித்தும்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். மொத்தம் 56 சுற்று. ரெட் புல் அணிக்கு இரண்டு கார்கள். ஒன்றாம் எண் காரில் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். இரண்டாம் எண் காரில் ஆஸ்திரேலியாவின் மார்க் வெபர். கடைசி டயர் மாற்றம் முடிந்தபோது வெபர் முதலிடம், வெட்டல் இரண்டாமிடம். உடனே அணியிலிருந்து ரேடியோவில் உத்தரவு வந்தது: "மல்ட்டி 21". இது ஒரு ரகசியக் குறி. இரண்டாம் எண் கார் முன்னால், ஒன்றாம் எண் கார் பின்னால், இப்படியே கடைசி வரை போங்கள், மோதிக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம்.

வெபர் அதை நம்பி எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வெட்டல் குறைக்கவில்லை. 46-வது சுற்றில் இரண்டு காரும் உரசுகிற அளவுக்கு நெருங்கி ஓடின. வெட்டல் முந்திவிட்டார். அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் ரேடியோவில் கண்டித்தும் அவர் கேட்கவில்லை. வெட்டல் முதலிடம், வெபர் இரண்டாமிடம். பந்தயம் முடிந்து, பரிசு மேடைக்குப் போகும் முன் காத்திருக்கும் அறையில், வெபர் அந்தக் குறியைச் சொல்லியே வெட்டலிடம் கேட்டார். உலகமே டி.வி.யில் அதைப் பார்த்தது.

உத்தரவு எதற்கு?

பந்தயம் என்றால் முந்துவதுதானே, முந்தாதே என்று சொல்வது என்ன நியாயம்? எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"ஒரே முதலாளி வண்டி ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு போட்டி போட்டா தேயறது முதலாளி டயரு. கவுந்தா சாகறது நாம. லோடு ரெண்டும் போய்ச் சேரணும். அதான் கணக்கு" என்றார்.

பார்முலா ஒன்னிலும் இதே கணக்குதான். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18. இரண்டும் சேர்ந்து 43. யார் முதலில் வந்தாலும் அணிக்கு அதே 43தான். ஆனால் இருவரும் மோதினால் பூஜ்யம்! அந்த வருடம் கொடுத்த பைரெல்லி டயர்களோ சீக்கிரம் தேய்ந்துபோகிற ரகம். வேகம் கூடக்கூட ரப்பர் சூடாகும். சூடாக ஆகத் தேய்மானம் அதிகமாகும். தேய்ந்த டயர் வளைவில் பிடிக்காது. ஆகவே "போதும், நிதானமாக வாருங்கள்" என்று அணி சொன்னதில் தொழில்நுட்ப நியாயம் இருந்தது.

அதே பந்தயத்தில் மெர்சிடிஸ் அணியிலும் இதுதான் நடந்தது. முன்னால் லூயிஸ் ஹாமில்டன், பின்னால் நிகோ ரோஸ்பெர்க். தன்னால் முந்த முடியும் என்று ரோஸ்பெர்க் ரேடியோவில் கேட்டார். அணித் தலைவர் ராஸ் பிரான் கூடாது என்றார். ரோஸ்பெர்க் கீழ்ப்படிந்து நான்காவதாக வந்தார். மூன்றாமிடம் வந்த ஹாமில்டனே, அந்த இடம் ரோஸ்பெர்க்குக்கு உரியது என்று சொல்லிவிட்டார்.

ஆக, வெட்டல் செய்தது தப்பா? தப்புதான். நம்பி வேகத்தைக் குறைத்தவரை முந்தியது தப்பு. அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. போதாக்குறைக்கு 2012-ல் இதே செப்பாங்கில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் காரோடு உரசி டயர் கிழிந்தபோது, நரேனைக் கேலியாகத் திட்டியவர் இந்த வெட்டல். அதனால் எனக்கு அவர்மேல் தனிப்பாசம் ஒன்றும் கிடையாது.

ஆனால் அப்புறம் நடந்ததுதான் நாம் யோசிக்க வேண்டியது.

தப்பு எவ்வளவு, தண்டனை எவ்வளவு?

வெட்டல் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் கழித்து சீனாவில், "அதே நிலைமை வந்தால் ஒருவேளை அதையேதான் செய்வேன்" என்கிற மாதிரிப் பேசினார். அவ்வளவுதான்! எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அவரை ஒரு பந்தயத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று எழுதியவர்கள் உண்டு. கனடாவில் அவர் ஜெயித்தபோது கூட்டம் 'ஊ' என்று ஊளையிட்டது. இங்கிலாந்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த அவருடைய கார் கியர் பெட்டி கோளாறால் நின்றது. பார்வையாளர்கள் ஆரவாரம் செய்தார்கள்! இத்தாலியில் ஊளை. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலும் ஊளை. செப்பாங்கில் நடந்ததற்கு ஆறு மாதம் கழித்தும் கூச்சல் ஓயவில்லை.

எல்லா ஊளைக்கும் செப்பாங் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இத்தாலியில் பெராரி ரசிகர்கள் அதிகம். தங்கள் அணியைத் தோற்கடித்தவர் என்ற கோபம் அங்கே இருந்தது. ஒரே ஆள் எப்போதும் ஜெயித்தால் வருகிற சலிப்பும் சேர்ந்தது. ஆனால் சலிப்பு என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? "அவன் சொல் பேச்சுக் கேட்காதவன்" என்றால் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறதல்லவா!

கீழ்ப்படிந்தவருக்கும் ஊளைதான்

இன்னும் பதினொரு வருடம் பின்னால் போவோம். 2002-ம் ஆண்டு மே 12, ஆஸ்திரியா. பெராரி அணியில் பிரேசிலின் ரூபன்ஸ் பாரிச்செல்லோ முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். பின்னால் அதே அணியின் மைக்கேல் ஷூமேக்கர். வழிவிடு என்று அணி உத்தரவிட்டது. பாரிச்செல்லோ கீழ்ப்படிந்தார். முடிவுக்கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வேகத்தைக் குறைத்து ஷூமேக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார்.

கூட்டம் என்ன செய்தது? பாராட்டியதா? இல்லை, ஊளையிட்டது! கூச்சல் தாங்காமல் ஷூமேக்கர் தன் முதல் படியில் பாரிச்செல்லோவை ஏற்றி நிற்கவைத்தார். பரிசு மேடை முறையைக் கலைத்ததற்காகப் பெராரி அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். 2003 முதல், முடிவை மாற்றும் அணி உத்தரவுகளையே தடை செய்துவிட்டார்கள். 2010-ல் ஜெர்மனியில் பெராரி மறுபடியும் அப்படிச் செய்ததற்கு 1 லட்சம் டாலர் அபராதம். அந்தத் தடை சரியாக வேலை செய்யவில்லை என்று 2011-ல் நீக்கிவிட்டார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, 2013-ல் வெட்டல் மீறியது பந்தய விதி எதையும் அல்ல. தன் அணியின் சொல்லை மட்டுமே. இரண்டு, கீழ்ப்படிந்தாலும் ஊளை, மீறினாலும் ஊளை! அப்படியானால் கூட்டத்தின் கோபம் தர்மத்துக்காகவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011-ல் இங்கிலாந்துப் பந்தயத்தில், வெட்டலுக்குப் பின்னால் இடைவெளி விட்டு வா என்று அணி சொன்னபோது அதைக் கேட்காமல் கடைசி வரை முட்டிப் பார்த்தவர் இதே மார்க் வெபர்தான். நான் கேட்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக ஊர் ஊராக அவரைத் துரத்தி யாரும் ஊளையிடவில்லை. அவரால் முந்த முடியவில்லை, அதனால் மறந்துவிட்டார்கள்.

செப்பாங்கில் வெட்டலுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 7 புள்ளி. அந்த வருடக் கடைசியில் அவர் கணக்கு 397. இரண்டாமிடம் வந்த அலோன்சோவுக்கு 242. அந்த 7 புள்ளி இல்லாவிட்டாலும் பட்டம் அவருக்குத்தான். வெபருக்கோ 199 புள்ளியோடு மூன்றாமிடம். வெபருக்கு ஒரு வெற்றி போனது உண்மை. அது அவருக்குப் பெரிய இழப்பு. ஆனால் அவருக்கு வலித்ததைவிட ஊருக்கு அதிகம் வலித்ததே, அதுதான் எப்படி?

அப்பா கேட்ட கேள்வி

இந்தக் கதை முழுவதையும் ஒரு நாள் ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"முன்னாடி போனவன் என்ன சொன்னான்?"

"கோபப்பட்டாருப்பா. ஆனா அந்த வருஷம் முழுக்க அதே அணியிலதான் ஓட்டினாரு."

"மொதலாளி?"

"திட்டினாங்க. வேலையை விட்டு எடுக்கல."

"பாதிக்கப்பட்டவனும் மொதலாளியும் பேசி முடிச்சிட்டாங்க. வேடிக்கை பாத்தவனுக்கு என்னப்பா பாக்கி?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணம், அந்த வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். செப்பாங்கில் அல்ல, நம் வகுப்பில்.

நம் வகுப்பில் நடந்தது

போன செமஸ்டரில் ஒரு பிராக்டிகல் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி, ஒரு நாள் எல்லாரும் மாஸ் கட் அடிப்பது என்று முடிவு செய்தோம். ஒருத்தன் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். அவன் பெயர் இங்கே வேண்டாம். அவனுக்கு வருகைப்பதிவு குறைவு. இன்னும் ஒரு நாள் குறைந்தால் பரீட்சை எழுத முடியாதோ என்ற பயம். வருகை ஏன் குறைந்தது? மக்காச்சோளம் ஒடிக்க வீட்டாரோடு கூலிக்குப் போனதால். அவனும் என்னைப் போல வீட்டில் முதல் ஆள்.

அவன் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. கூடி முடிவு செய்தபோது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கோபப்பட்டிருந்தால் அது நியாயம். நாம் என்ன செய்தோம்? 'கருங்காலி' என்று பெயர் வைத்தோம். டிராயிங் வகுப்பில் அவனுக்கு டிராப்டர் இரவல் கொடுக்கவில்லை. கேண்டீனில் அவன் வந்து உட்கார்ந்தால் எழுந்து போனோம். பிராக்டிகல் தேதி அடுத்த வாரமே மாறிவிட்டது. நாம் கேட்டது கிடைத்துவிட்டது. அவனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் மூன்று மாதம் இதை நடத்தினோம். அவன் பெஞ்சில் அந்த வார்த்தையைக் காம்பஸ் முனையால் கீறியவன் நான்தான்.

ஏன் செய்தேன்? யோசித்துப் பார்த்தால், அன்று உள்ளே போக எனக்கும் ஆசை இருந்தது. பயத்தால்தான் வெளியே நின்றேன். எனக்கு வராத துணிச்சல் அவனுக்கு வந்துவிட்டதே என்ற ஆத்திரம். அதற்கு 'ஒற்றுமை' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

முடிவாக...

வெட்டல் 2013 அக்டோபர் 27 அன்று நம் நாட்டில், டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் ஜெயித்து, நான்காவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார். காரை வட்டமாகச் சுற்றிப் புகை கிளப்பினார், இறங்கிக் காரை வணங்கினார், கையுறையைக் கழற்றி ரசிகர்களிடம் வீசினார். நம் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த வருடம் கேட்ட ஊளை தன்னைப் புண்படுத்தியது என்று அன்றுதான் அவர் மனம் விட்டுச் சொன்னார். உலகச் சாம்பியனுக்கே வலிக்கிறது என்றால், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

நண்பர்களே! சங்கம் வேண்டும், ஒற்றுமை வேண்டும், கூடி எடுத்த முடிவுக்கு மரியாதை வேண்டும். இது நம் சங்க மலர், இதில் வேறு மாதிரி எழுத மாட்டேன். ஆனால் ஒருத்தன் மீறினால் முதலில் காரணம் கேட்போம். தப்பு என்றால் தப்பின் அளவுக்குக் கண்டிப்போம். கண்டித்த பிறகு அத்தோடு விடுவோம். பாக்கி வைத்து வட்டி போட வேண்டாம்.

கூட்டத்துக்கு முகம் கிடையாது. அதனால் கூட்டம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்காது. நாம் ஒவ்வொருவராகத்தான் கேட்க வேண்டும். போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தபோது கேட்டுவிட்டேன். பெஞ்சில் கீறியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "தெரியும்டா. உன் கையெழுத்து தெரியாதா எனக்கு? வா, பஸ்ஸு வந்துருச்சு" என்றான்.

ஏறினோம். எனக்கும் சேர்த்து அவன்தான் இடம் பிடித்தான்.